அஞ்சு புள்ளி ரெண்டு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது பங்குச் சாமியாரை மறித்து, "ஃபாதர், நம்ம சென்டர்ல ஒவ்வொரு மிஷினும் அஞ்சு புள்ளி ரெண்டு" என்று சொல்லக்கூடிய ஒரே பொம்பளை திண்டுக்கல்லில் எங்கள் அத்தைதான். என்ன அஞ்சு, எதில் ரெண்டு என்று பாவம், அவருக்கு என்ன தெரியும்? "சந்தோசம்மா, ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்" என்று நகர்ந்தார். அத்தை விட்டாளா? பின்னாலேயே போய், "கிகாஹெர்ட்ஸ் ஃபாதர், கிகாஹெர்ட்ஸ்!" என்றாள். ஒற்றைச் செருப்போடு நின்றிருந்த எனக்கு வாசலோரக் கெபிக்குள் போய், அங்கே நிற்கும் மாதா சிலையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் கேமிங் சென்டர் வைத்திருந்தாள். மாமா இருந்தவரை அது பிரவுசிங் சென்டர். மாமா போன பிறகு, ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்து பிரவுசிங்குக்கு ஈ, காக்கை வராமல் போனதும், இருந்த நகையைத் தூக்கிப் போட்டுப் பத்து கம்ப்யூட்டர் வாங்கி கேமிங் சென்டர் ஆக்கிவிட்டாள். ஒரு விளையாட்டும் விளையாடத் தெரியாது. பையன்கள் திரையில் சுட்டுக்கொள்வதைப் பார்த்தால், "ஏசுவே, எனக்கு நெஞ்சு படபடங்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் புராசஸர் வந்த காலி அட்டைப்பெட்டிகளை மட்டும் ஒன்றையும் எறியாமல், மாதா படத்துக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் அந்த எண் இருந்தது. ஐந்து புள்ளி இரண்டு.

அந்த எண்ணைப் பற்றி எங்கள் இருவருக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. நான் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். காலையில் எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும், சாயங்காலம் அணைக்க வேண்டும், இடையில் எது மக்கர் பண்ணினாலும் போய்ப் பார்க்க வேண்டும். அதனால் சென்டருக்கும் நான்தான் ஆஸ்தான வைத்தியச்சி.

"அத்தை, இந்தப் புராசஸரோட சாதாரண வேகம் ரெண்டரைதான். கேம்ல நெருக்கடி வரும்போது அதுவா தன்னை உந்திக்கிட்டு அஞ்சுக்கு மேல போகும். அதுக்குப் பேரு பூஸ்ட். சூடு ஏறாம இருந்தாத்தான் அங்க நிக்கும். சூடு ஏறுச்சுன்னா தன்னைக் காப்பாத்திக்க அதுவா இறங்கிரும்."

"அப்ப பெட்டியில ஏன் அஞ்சு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கான்?"

"மேல பாருங்க, பொடி எழுத்துல 'அதிகபட்சம்'னு போட்டிருக்கு."

"அதிகபட்சம்னா, அது அதுகிட்ட இருக்குன்னுதான புள்ள அர்த்தம்? இல்லாததையா போடுவான்?"

ஜெயித்துவிட்ட மிதப்பில் அவள் அலமாரியைத் துடைக்கப் போய்விடுவாள்.

அத்தை பொய் சொல்ல மாட்டாள். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒருநாள் நடந்ததை என்றைக்கும் நடப்பதாகச் சொல்வாள், அவ்வளவுதான். வடமதுரையில் எங்கள் தோட்டத்துக் கிணறு ஒரே ஒரு ஐப்பசியில் மேல்படி வரைக்கும் நிறைந்தது. அதற்கப்புறம் அதில் வாளி முங்கத் தண்ணீர் கிடந்தாலே பெரிய விஷயம். ஆனால் அத்தையிடம் கேட்டால், "எங்க கெணறா? குனிஞ்சு கையால மோந்து குடிக்கலாம்" என்பாள். அவளுடைய சேலை விஷயமும் அப்படித்தான். கோயிலுக்கும் சென்டருக்கும் கஞ்சி போட்ட மொடமொடவென்ற சேலையில்தான் வருவாள். ஒரு நீலம், ஒரு செங்கல் நிறம். வேறு கட்டிப் பார்த்ததில்லை என்று யாராவது சொல்லிவிட்டால், "பீரோவுல அடுக்க எடமில்ல. எடுத்துக் கட்ட நேரம் வேணுமே" என்று சிரிப்பாள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. கல்லூரியில் ஒருநாள் சார் வராததால் ஒரு மணி நேரம் வகுப்பில் நின்று பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஆசையாக அதை அத்தையிடம் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து நான் புரொபசர். கோயிலில், மார்க்கெட்டில், கீழே பிரியாணிக் கடைக் கல்லாவில், எங்கும் "என் அண்ணன் மக, கம்ப்யூட்டர் புரொபசர்" என்றுதான் அறிமுகம். ஒருமுறை பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி மகனையும் இழுத்துக்கொண்டு நேரே கல்லூரிக்கே வந்துவிட்டாள், புரொபசரைப் பார்த்து ஒரு சீட்டு வாங்கலாமென்று. அந்த நேரம் பார்த்து நான் மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். "இங்க புரொபசரம்மா யாருங்க?" என்று அவள் கேட்க, மாணவர்கள் சிரித்தார்கள். நான் அடியிலேயே கிடந்தேன், அவள் போகும்வரை. அன்று சாயங்காலம் அத்தையிடம் போய்க் குதித்தேன். "ஒரு நாளு நின்னு சொல்லிக் குடுத்தேல்ல? அப்ப ஒனக்கு முடியும்னுதான அர்த்தம்?" என்றாள், பெட்டி நியாயத்தையே திருப்பி.

அவளுக்கு இளைப்பு உண்டு. மாடிப்படி ஏறும்போது கடைசிப் படிக்கு முந்தைய படியில் நின்றுவிடுவாள். மூச்சு அடங்கும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடங்கியதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, சிரித்த முகமாக உள்ளே வருவாள். இருமல் வந்தால் சென்டருக்குப் பின்னாலிருந்த தன் ஒற்றை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அத்தை இருமுகிறாள் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்ததும், "பாத்திரம் கழுவிட்டு வாரேன்" என்பாள். நான் கேட்காமலே சொல்வாள்.

இனி இரும்புப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூட்டு ஊர்க்காரி இல்லையா, கம்ப்யூட்டர்களைச் சும்மா வைப்பாளா? பூட்டுப் பட்டறை ஒன்றில் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரும்புப் பெட்டி அடித்து, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள். பையன்கள் எதையும் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாதாம். பத்துப் பெட்டி, பத்துப் பூட்டு, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. காற்றில்லாமல் வெந்துபோகும் என்று நான் கத்தியதால் முன்னாலும் பின்னாலும் துளை போட்டார்கள். கொஞ்சம் தாராளமாகவே போடச்சொல்லி நின்று பார்த்தேன். முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பையன்கள் விளையாட ஆரம்பித்ததும் பூஸ்ட் ஏறும், அந்தச் சூட்டைத் தள்ள உள்ளே விசிறிகள் இரையும். கேம் வெண்ணெயாய் ஓடும்.

அந்த இரைச்சல்தான் வினை. ஒருநாள் கீழேயிருந்து பிரியாணிக் கடைக்காரர் வந்தார். கட்டடமே அவருடையது. மாடியை ஏசி ஹாலாக்கிக் குடும்பத்தோடு வருபவர்களை உட்காரவைக்க வேண்டுமென்று அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். காதில் விரலைவிட்டுக்கொண்டு, "என்னக்கா, மேல மாவு மில்லு ஓட்டுறீங்களா?" என்றார். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் முகம் செத்துவிட்டது, நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் போனால் சத்தமே இல்லை. "என்னத்தை, அமைதியா இருக்கு?" என்றேன். "புதுச் செருப்பு கடிக்கும், பெறகு பழகிரும்ல? அது மாதிரி பழகிருச்சு புள்ள" என்றாள். விசிறி என்ன செருப்பா, பழகுவதற்கு? கேட்டிருக்கலாம். அன்று லேபில் ஆய்வு நடந்து நான் களைத்துப்போயிருந்தேன், விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் பையன்கள் முனக ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடுகிறது, கொஞ்ச நேரம் போனால் திக்குகிறது என்றார்கள். இந்த மாதிரி விளையாட்டில் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்று நொடிக்கு நொடி கணக்குப் போட்டுத் தருவது புராசஸர். அது தளர்ந்தால், எவ்வளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். படம் விட்டு விட்டு நகரும். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் உன்னைச் சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். "பெட்டியத் திறங்க அத்தை, பாக்கிறேன்" என்றேன். "நீ போயி டீ வாங்கிட்டு வா, நான் எடுத்து வைக்கிறேன்" என்றாள். வந்து பார்த்தால் ஒரு கம்ப்யூட்டர் மேஜைமேல் வெளியே இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், ஜம்மென்று ஐந்து புள்ளி இரண்டில் நின்றது. "பாத்தியா? பாத்தியா? அஞ்சு புள்ளி ரெண்டு!" என்று கையைத் தட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே பிரியாணிக்குத் தம் போடுகிற வெக்கையில் தரை சுடுகிறது, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து ஒரு குழு வரப்போவதாக அத்தை சொன்னது அதற்குப் பிறகுதான். அவர்கள் ஊர் ஊராய்ப் போட்டி நடத்துகிறவர்கள். இடம் பிடித்துப்போனால் திண்டுக்கல் போட்டியை மாதாமாதம் நம் சென்டரில்தான் வைப்பார்கள். பிடிக்காவிட்டால்? கடைக்காரர் அத்தையிடம் தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார். "இந்த மாசத்தோட பாக்கிறேங்க்கா. இல்லேன்னா மாடிய எனக்கு விட்ருங்க." மாடியை விட்டால் அத்தைக்குப் பின்னறையும் கிடையாது. அவளுக்குச் சென்டரும் வீடும் ஒன்றுதான்.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஐந்து பேர், கண்ணாடி போட்ட நெட்டைப் பையன்தான் தலைவன். நம் ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் எதிரே. அத்தை நீலச் சேலையில், கஞ்சி மொடமொடக்க, எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்துவிட்டு அட்டைப்பெட்டி அலமாரியைக் காட்டினாள். "எல்லாமே அஞ்சு புள்ளி ரெண்டு தம்பி. சத்தம் பாத்தீங்களா, மூச்சு விடுறது கேக்குதா?" என்றாள். என்னைக் காட்டி, "புரொபசர்" என்றாள். அந்தப் பையன் மரியாதையாக வணக்கம் சொன்னான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திக்க ஆரம்பித்தது. நெட்டைப் பையன் எதையோ தட்டினான். திரையின் மூலையில் புராசஸர் ஓடும் வேகம் எண்ணாக வந்தது.

"ஆன்ட்டி, அஞ்சு புள்ளி ரெண்டுன்னீங்க. இங்க ரெண்டு புள்ளி ஒண்ணுல நிக்குது."

"செத்த நேரம் பொறு தம்பி, ஏறிரும்."

ஏறவில்லை. எல்லாரும் தங்கள் திரையிலும் எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று புள்ளி ஒன்பது. ஒன்று புள்ளி எட்டு. "வத்தலக்குண்டு டவுன் பஸ்ஸே தேவலாம் போலயே" என்றான் ஒருவன். நம் ஊர்ப் பையன்களே சிரித்தார்கள். அத்தை அந்தச் சிரிப்போடு தானும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஐந்து புள்ளி இரண்டைக் கேட்டு வெட்கப்பட்டவள் நான். அது பத்துப் பேர் முன்னால் எண்ணெண்ணாக இறங்குவதைப் பார்ப்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

"சாவியக் குடுங்க அத்தை."

"வேணாம் புள்ள."

"உள்ள என்னமோ சூடாகுது. திறந்தாத்தான் தெரியும்."

"அவங்க போகட்டும். பெறகு பாப்போம்."

"அவங்க போயிட்டா பெறகு பாக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மலைக்கோட்டையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி நின்றுகொண்டாள்.

முதல் பெட்டியைத் திறந்தேன். கம்ப்யூட்டரைச் சுற்றிலும், துளைகள் அத்தனையையும் அடைத்து, துணி. இழுத்தேன். இஸ்திரி போட்டு எடுத்தது மாதிரி சுட்டது. ஒரு பச்சைச் சேலை. நடுவில் நைந்துபோனதை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்துத் தைத்திருந்தது, வேறு கலர் நூலில். என்ன ஏதென்று எனக்கு ஓடுவதற்குள், உதவுகிறோம் என்று பையன்கள் ஆளுக்கொரு சாவியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "எல்லாத்துலயும் துணிதான்க்கா!" என்று ஒருவன் கத்தினான். இழுத்து இழுத்து வெளியே போட்டார்கள். ஒட்டுப்போட்ட சேலை, தோள் கிழிந்த ஜாக்கெட், மாமாவின் பழைய கைலி. அத்தை பின்னறைக் கதவுக்குப் பின்னால் கட்டியதெல்லாம், கட்டித் துவைத்து மறுநாளும் கட்டியதெல்லாம், சென்டர் நடுவில் குவிந்தது. பீரோவில் அடுக்க இடமில்லாத சேலைகள். நெட்டைப் பையன் ஒரு பெட்டியில் கையைவிட்டு இழுத்தான். உள்பாவாடை. நாடாவுக்குப் பதில் சணல் கோத்திருந்தது.

அவனுக்கு அதைக் கீழே போடவும் மனம் வரவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை. மெதுவாக நான்காக மடித்து ஒரு நாற்காலியில் வைத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார்கள். வளர்ந்த பையன்கள் பத்துப் பேர் அத்தையின் கிழிசல்களை மடித்தார்கள். அவர்கள் எறிந்து கேலி பேசியிருந்தால்கூட நான் சண்டைக்குப் போயிருப்பேன். இதை எப்படித் தாங்குவது? மாவு மில்லு என்று ஒரு ஆள் சொன்ன ஒரே சொல்லுக்காக, விருந்தாளி வரும் இடத்தில் மிஷின் மூச்சு வாங்குவது கேட்கக் கூடாதென்று, அதன் வாயிலும் மூக்கிலும் தன் துணியைத் திணித்து வைத்திருக்கிறாள்.

துணி விலகிக் காற்றுப் பட்டதும், அமுங்கிக் கிடந்த விசிறிகள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் பத்தும் சேர்ந்து இரைந்தன. "ஏலே, ஏறுதுடா!" என்றான் ஒருவன். மூன்றரை, நாலு, நாலு புள்ளி எட்டு. "அத்தை, திரும்பிப் பாருங்க. அஞ்சு புள்ளி ரெண்டு" என்றேன்.

அத்தை திரும்பினாள். திரையைப் பார்க்கவில்லை. மதுரைப் பையன்களைப் பார்த்து, "சத்தம் ஜாஸ்தியா இருக்கோ? கோவிச்சுக்காதீங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். குழாய்ச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

இடம் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மாதாமாதம் போட்டி நடந்தது, கடைக்காரரும் ஏசி ஹால் பேச்சை விட்டுவிட்டுப் போட்டிக்கு வருகிறவர்களுக்குப் பிரியாணி விற்றுக்கொண்டார். ஆனால் போட்டி நாள்களில் அத்தை பின்னறையை விட்டு வெளியே வரமாட்டாள். நெட்டைப் பையன் ஒவ்வொரு முறையும் கதவருகில் நின்று, "ஆன்ட்டி, வந்துட்டோம்" என்பான். உள்ளேயிருந்து, "வாங்கப்பா" என்று மட்டும் குரல் வரும். அட்டைப்பெட்டிகளை எப்போது பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டாள் என்று தெரியவில்லை. அலமாரியில் மாதா மட்டும் இருந்தாள்.

போன தவக்காலத்தில் அத்தை போய்விட்டாள், இளைப்புத்தான். அதற்குச் சில மாதம் முந்திய ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வாசலுக்கு வந்தோம். அத்தை அந்தப் பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். தையல் வெளியே தெரிந்தது, அவள் மறைக்கவில்லை. சாமியார் எங்களைப் பார்த்ததும் தானாகவே அருகில் வந்தார். பாவம், நல்ல மனுஷன், ஞாபகம் வைத்திருந்தார்.

"சென்டர் எப்படிம்மா போகுது? அஞ்சு புள்ளி ரெண்டா?"

"ரெண்டரை ஃபாதர்" என்றாள் அத்தை.

"ஓ... இவங்க புரொபசர்தானே?"

"இல்ல ஃபாதர். லேப்ல மிஷினப் போட்டு அணைக்கிற வேலை."

எத்தனை வருசம் நான் மல்லுக்கட்டிய உண்மை. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அவள் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சாமியார் சிரித்து, ஆசீர்வதித்து, நகர்ந்தார். அவர் நாலு எட்டு வைப்பதற்குள் நான் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினேன்.

"ஃபாதர், வரும் ஃபாதர். அஞ்சு புள்ளி ரெண்டு வரும். நானே என் கண்ணால பாத்தேன். பத்து மிஷின்லயும்!"

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை வேகமாக வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். மூச்சு வாங்கியது, எல்லாருக்கும் கேட்கும்படி வாங்கியது.

"சும்மா இரு புள்ள" என்றாள். "மானம் போகுது."